பத்தடிச் சிரிப்பு

கேமராமேன் கஸ்பார் எழுதிக்கொடுத்த சீட்டில் அந்த ஷாட் அறுபத்திரண்டு அடி என்றிருந்தது. இன்பமேரியின் மேசையில் அது எழுபது அடி இருந்தது.

முதலில் அவள் சக்கரத்தைத்தான் சந்தேகப்பட்டாள். பிலிமை அளக்கும் அந்தப் பித்தளைச் சக்கரத்தின் பற்களைத் துணியால் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டினாள். எழுபது. திரும்பச் சுற்றி இன்னொரு தடவை ஓட்டினாள். சக்கரம் சொன்னதையே சொன்னது. கஸ்பார் தப்பாக எழுதுகிற ஆளுமில்லை. யுத்தம் ஐந்தாவது வருஷமாக நடந்துகொண்டிருந்தது. சர்க்கார் பிலிமை ரேஷன் அரிசி போல அளந்து கொடுத்துக்கொண்டிருந்தது. ஓர் அடிக்குக் கணக்குச் சொல்லத் தெரியாதவனைக் கேமராவுக்குப் பக்கத்தில் விடமாட்டார்கள். பெற்ற பிள்ளையின் வயதை வேண்டுமானால் கஸ்பார் மறப்பான், அடிக்கணக்கை மறக்கமாட்டான்.

மிச்சம் எட்டடியை அவள் ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். அந்த அறைக்கு வெளிப்பக்கமாக, வடக்குப் பார்த்த ஒரே ஒரு ஜன்னல். வெளியே சித்திரை வெயில் ஆத்தூர் ரோட்டுப் புளியமரங்களை வறுத்துக்கொண்டிருந்தாலும், உள்ளே வந்து சேருவது சல்லடையில் சலித்த மாதிரி ஒரு சாம்பல் வெளிச்சம்தான்; அதோடு பக்கத்து லாபரேட்டரியின் மருந்து நெடியும், பிலிம் ஒட்டும் பசையின் அழுகிய வாழைப்பழ வாசனையும், ஓட்டுக்கடியில் புறாக்கள் குமுறும் சத்தமும் சேர்ந்து நாள் பூராவும் நகராமல் நின்றுகொண்டிருக்கும். அந்த வெளிச்சத்தில் பிலிமின் ஒவ்வொரு கட்டத்துக்குள்ளும் அவள் புருஷன் லாசர் உட்கார்ந்திருந்தான். விமானத்தின் ஆசனத்தில், தோளிலும் இடுப்பிலும் வார் போட்டு, கண்ணுக்குப் பெரிய கண்ணாடியும் வாய்க்கு ரப்பர் முகமூடியும் மாட்டி, தலையை மார்பில் தொங்கவிட்டு.

டைரக்டர் ‘கட்’ சொன்னதுமே அவனைத் தூக்கி இறக்கிவிட்டார்கள். அவள் அதைக் கண்ணால் பார்த்திருந்தாள். பிலிமில் ஒருவரும் அவனை இறக்கவில்லை. சுற்றிலும் ஆளே இல்லாத இருட்டில் அவன் பாட்டுக்கு இருந்தான், கட்டத்துக்குக் கட்டம் அசையாமல். எட்டாவது அடியில் மட்டும் தலை ஒரு நூல் நிமிர்ந்திருந்தது.

இன்பமேரி அயோத்தியாப்பட்டணத்து ஸ்டூடியோவில் ஆறு வருஷமாகப் பிலிம் ஒட்டுகிறவள். தகரக் கூரை போட்ட இரண்டு பெரிய கொட்டகை, ஒரு லாபரேட்டரி, ஒரு தச்சுப் பட்டறை, இவ்வளவுதான் ஸ்டூடியோ. உள்ளே வந்து பார்க்காதவர்கள் அதை இந்திரலோகம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே இருந்தவர்களுக்கு அது வேர்த்துக் கொட்டுகிற இடம். லாசர் பட்டறையில் தச்சன். அரண்மனைத் தூண் முதல் பாடை வரைக்கும் எல்லாம் அவன் கைவேலை.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. சாகிற காட்சியில் நடித்தவர், காட்சி முடிந்ததும் அப்படியே எழுந்து போய்விடக் கூடாது. கிடந்த இடத்திலேயே, போட்ட வேஷத்திலேயே, கேமராவைப் பார்த்து ஒரு தடவை சிரிக்க வேண்டும். கேமராவும் ஓட வேண்டும். பத்தடி போதும். செத்தவர் சிரித்துவிட்டால், கேமரா கடைசியாகப் பார்த்தது சாவு இல்லை என்றாகிவிடும். அந்தச் சிரிப்புகளை வெட்டி எடுப்பது இன்பமேரியின் வேலை. வெட்டியதை அவள் எறியமாட்டாள். ஒரு பிஸ்கோத்து டப்பாவில் போட்டுவைப்பாள். நெஞ்சில் ஈட்டி பாய்ந்த ராஜாவும், தூக்கில் தொங்கிய கள்வனும், தீயில் விழுந்த மகாராணியும் அந்த டப்பாவுக்குள் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தார்கள். பங்குச் சாமியாருக்குத் தெரிந்தால் திட்டுவார். அவருக்குத் தெரியும்படி அவள் வைத்துக்கொள்ளவில்லை.

லாசரின் சிரிப்பு அதில் இல்லை. அதை யாரும் எடுக்கவில்லை.

எல்லாம் டைரக்டர் அருணகிரியின் ‘அசல்’ மோகத்தால் வந்தது. யுத்தப் படத்துக்கு அட்டை விமானம் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்று, பட்டாளத்துக்காரர்களிடம் கெஞ்சிக் கூத்தாடி, எங்கேயோ விழுந்து நொறுங்கிய ஒரு சண்டை விமானத்தைக் கடனாக வாங்கிவிட்டார். சூரமங்கலம் ஸ்டேஷனிலிருந்து மாட்டு வண்டிகளைப் பிணைத்துக் கட்டி அதைக் கொண்டுவந்தபோது வழியெல்லாம் திருவிழாக் கூட்டம். ஹரிக்கேன் என்று அதற்குப் பேராம். “பறக்கற வண்டிக்கு எவன்டா அரிக்கேன் லாந்தர் பேரை வெச்சவன்?” என்று லாசர் சிரித்த சிரிப்பில் மாடு மிரண்டது. ஒரு பக்க இறக்கை இல்லை. அதை அவன்தான் பலாப் பலகையில் செய்து பூட்டினான்.

விமானி உட்காரும் குழிக்குள் இறங்கிப் பார்த்த அன்றைக்கு மட்டும் அவன் சிரிக்காமல் வந்தான். ஆசனத்தின் தோலில் ஆள் உட்கார்ந்த வடிவத்துக்குக் கறுப்பாக ஒரு கறை. வார்களைக் கத்தியால் அறுத்திருந்தார்கள். உள்ளே இருந்தவனை வெளியே எடுக்க வேறு வழி இருந்திருக்காது. கறையைச் சோடா உப்புப் போட்டுக் கழுவிவிடுகிறேன் என்று லாசர் சொன்னதற்கு டைரக்டர் பதறிவிட்டார். “கை வைக்காதே! இதைச் சாயத்துல வரவழைக்க முடியுமா? அசல்டா, அசல்.” வாரை மட்டும் பழையபடி தைத்து வைக்கச் சொன்னார். லாசர் மெழுகு நூலில் இரட்டைத் தையல் போட்டுத் தைத்தான்.

கதாநாயகர் குழிக்குள் இறங்கி இடுப்போடு மாட்டிக்கொண்டு, நாலு பேர் பிடித்து இழுக்க வேண்டியதாயிற்று. முகம்தான் தெரியப்போவதில்லையே என்று, அளவாக இருந்த லாசருக்கு அந்த வேஷத்தை மாட்டினார்கள்.

எரிந்துகொண்டே விழும் விமானத்துக்குள் விமானி சாக வேண்டும். அதுதான் காட்சி. விமானத்தின் வயிற்றுக்கடியில் ஒரு பீப்பாயில் எண்ணெய்த் துணியைக் கொளுத்தினார்கள். இன்பமேரி ஒட்டி முடித்த பிலிமைக் கொடுக்க வந்தவள் கொட்டகை வாசலில் நின்று பார்த்தாள். புகை முதலில் அழகாகத்தான் எழும்பியது. அப்புறம் ஆசனத்துக்குக் கீழே இருந்த ஓட்டை வழியாகத் தீ உள்ளே நுழைந்தது. லாசர் இடது கையைத் தூக்கி ஆட்டினான். “பிரமாதம்!” என்றார் டைரக்டர். லாசர் வாரை அவிழ்க்கப் பார்த்தான். அந்தக் கொக்கியின் சூட்சுமம் அவனுக்குப் பிடிபடவில்லை. தலைக்கு மேலே சாத்தியிருந்த கண்ணாடி மூடியை உள்ளேயிருந்து அறைந்தான். இன்பமேரி கத்தினாள். “பாருங்கய்யா, தச்சன் நடிக்கறான்! ஓட்டு கஸ்பார், ஓட்டு!” என்று டைரக்டர் தொடையைத் தட்டிக்கொண்டார். தலை தொங்கிய பிறகுதான் ‘கட்’ சொன்னார்.

இரண்டு பேர் கொக்கியை நெம்பி அவனை இறக்கிப் போட்டார்கள். மூச்சு இருந்தது. இடது கை கொப்புளித்திருந்தது. மேக்கப் போடும் கிழவர் சடையன்தான் கையைப் பிசைந்துகொண்டு டைரக்டர் முன்னால் போய் நின்றார்.

“ஐயா, சிரிப்பு எடுக்கோணுமுங்க. ஒரு பத்தடி.”

“பத்தடியா? பத்தடியில நான் ஒரு ஊரையே கொளுத்திக் காட்டுவேன். அவன் வீட்டுக்குப் போய்ப் பொண்டாட்டியைப் பார்த்துச் சிரிக்கட்டும்.”

எல்லோரும் சிரித்தார்கள். டைரக்டர் கேலி செய்தால் சிரிப்பது சம்பளத்தில் சேர்ந்தது.

அன்றிலிருந்து லாசர் சிரிக்கவில்லை.

அவன் சிரித்தால் பட்டறையில் ரம்பம் நின்றுவிடும். வயிற்றிலிருந்து கிளம்பி, நடுவில் மூச்சு முட்டி, கடைசியில் இருமலில் போய் முடிகிற சிரிப்பு. அதைக் கேட்டுத்தான் இன்பமேரி அவனைக் கட்டிக்கொண்டாள். சொத்து என்று வேறொன்றும் அவனிடம் இல்லை. இப்போது அவன் பட்டறைக்குப் போகவில்லை. வீட்டில் முக்காலியில் நட்டுவைத்த மாதிரி உட்கார்ந்திருந்தான், காலை அகட்டி, முழங்கால்களுக்கு நடுவில் எதையோ பிடித்திருப்பது போல இரண்டு கையையும் குவித்து. சோற்றைத் தொடவில்லை. அவனிடமிருந்து காய்ந்த எண்ணெய் வாசனையும் தோல் பொசுங்கும் வாசனையும் வந்தன. மூன்று தடவை தலைக்கு ஊற்றிவிட்டாள். போகவில்லை.

“ஏனுங்க, அந்தக் கதாநாயகரு குழிக்குள்ள மாட்டிக்கிட்டு முழிச்சாரே, நெனப்பிருக்குதா? உரல்ல தலைய உட்ட எலியாட்டம்?”

அவன் உதடுகள் இரண்டு பக்கமும் இழுபட்டன. பல் தெரிந்தது. சத்தம் வரவில்லை. இழுத்தது இழுத்தபடி வெகுநேரம் நின்றது.

“வாரு இறுக்குது மேரி,” என்றான்.

“வாரு எங்கீங்க இருக்குது?”

“அவுத்து உடு. சுடுது.”

சட்டையைக் கழற்றிப் பார்த்தாள். இரண்டு தோளிலும் மார்பிலும் நாலு விரல் அகலத்துக்குத் தடம். காட்சி எடுத்து ஐந்து நாளாகியிருந்தது. தடம் அப்போதுதான் வாரை எடுத்த மாதிரி சிவப்பாக இருந்தது.

மறுநாள் சுருள் எண்பத்தோரு அடி இருந்தது. அதற்கு மறுநாள் தொண்ணூற்றைந்து. சுருள் இருந்த தகர டப்பாவைப் பூட்டிச் சாவியை ஜெபமாலையோடு கழுத்தில் போட்டுக்கொண்டு போனாள். காலையில் வந்து திறந்தால் மூடியை முட்டிக்கொண்டு பிலிம் பிதுங்கியது. புதிதாக வந்த அடிகளில் லாசரின் தலை நிமிர்ந்துவிட்டிருந்தது. அவன் காலடியில் புகை தொடங்கியிருந்தது. யாரும் கொளுத்தாத புகை. ஒரு நாள் பிலிமில் தீ எங்கே பட்டதோ, மறுநாள் வீட்டில் அவன் உடம்பில் அங்கே தோல் கறுத்தது. கணுக்கால். முழங்கால். இடது கை மணிக்கட்டு வரைக்கும்.

நூற்றுப் பன்னிரண்டு அடியானபோது அவள் சுருளோடு டைரக்டரிடம் போய் விழுந்தாள்.

அவர் பூதக்கண்ணாடியை வைத்துக் கட்டம் கட்டமாகப் பார்த்தார். நெற்றி வேர்த்தது. “இது நான் எடுக்கலையே.”

“யாருமே எடுக்கலீங்க. தெனமும் வளருதுங்க. என்ற ஊட்டுக்காரரு அதுக்குள்ள சாகறாருங்க. அந்தப் பத்தடியக் குடுங்க சாமி. சிரிக்க வெச்சு எடுத்துட்டா உட்டுரும்.”

அவர் நம்பாமல் இருந்திருந்தால்கூட அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பைத்தியம் என்று விரட்டியிருக்கலாம். அவர் நம்பினார். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, கோவிலுக்குள் பேசுகிற மாதிரி குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

“நாளைக்கும் வருமா?”

அவள் சுருளைத் திரும்ப எடுக்கக் கை நீட்டினாள்.

“சர்க்கார் குடுக்காத பிலிமைச் சாமி குடுக்குது, நீ சிரிப்பு கேக்கறே. எந்த நடிகனாலே முடியும் இது? எல்லாத்தையும் சேர்த்து ஒட்டு. ஒரு அடி குறையக் கூடாது. எவனாவது அவனை வச்சு வேற எதையாச்சும் எடுத்தான்னு தெரிஞ்சுது, புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரும் ரோட்டுல நிப்பீங்க.”

வெறியில் அவளுக்கு அந்தப் பூதக்கண்ணாடியை அவர் வாயில் திணிக்க வேண்டும் போலிருந்தது. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். அப்படித்தான் வர முடியும்.

சடையன் மேக்கப் அறையில் மீசைகளுக்குச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தார். கேட்டுவிட்டுச் சீப்பைக் கீழே வைத்தார்.

“அதே எடம், அதே வேசம், அதே ஆளு. மூணும் சேரோணும் அம்மிணி. சேந்து ஒருக்காச் சிரிச்சுட்டா முடிஞ்சுது. எங்கப்பன் நாடகக் கொட்டாயில இருந்தே இந்தப் பழக்கம்தான்.”

“கஸ்பார் அண்ணன் வருவாரா?”

“அன்னைக்கு ஓட்டுனவன் அவன்தானே? வராம என்ன பண்ணுவான்?”

கஸ்பார் வந்தான். பிலிமுக்குத்தான் வழியில்லை என்றான். அதை இன்பமேரி பார்த்துக்கொண்டாள். ரோல் முடியும்போது மிஞ்சுகிற முக்காலடி, ஒன்றரையடிக் கழிவுத் துண்டுகள் இருட்டறை அலமாரியில் கிடந்தன. ஒரு பகல் பூராவும் கும்மிருட்டில் உட்கார்ந்து, விரலால் தடவித் தடவி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒன்றோடொன்று ஒட்டினாள். இருபது அடி தேறியது. அருள் நிறைந்த மரியே என்று ஒவ்வொரு ஒட்டுக்கும் ஒரு தடவை சொன்னாள்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் டைரக்டர் சாப்பிடச் சேலத்துக்குப் போனார். மற்றவர்கள் இலை போட்ட பக்கம் போய்விட்டார்கள்.

லாசரைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். சீக்கு மாடு போல அசைந்து அசைந்து வந்தான். கொட்டகைக் கதவைச் சாத்தியதும் வெயில் வெளியே நின்றுவிட்டது; உள்ளே பகலென்று சொல்ல எதுவுமில்லை, தகரக் கூரை சூட்டில் விரிந்து டக் டக்கென்று தெறிக்கும் சத்தமும், கூரையின் ஆணித் துவாரங்கள் வழியாகத் தரையில் விழுந்த காசு காசான வெளிச்சமும், பழைய புகையின் புளிப்பு நெடியும், அதற்கு நடுவில் ஒரு மர இறக்கையும் ஒரு நிஜ இறக்கையுமாக மூக்கைத் தூக்கிக்கொண்டு நின்ற அந்த விமானமும்தான். அதைத் தாண்டி வந்த காற்று குளிர்ந்திருந்தது. சித்திரை மாதத்தில், தகரக் கூரைக்கடியில்.

“ஏறுங்க,” என்றாள்.

ஏற்றிவிட ஏணி எடுக்கப் போனார் சடையன். அதற்குள் லாசர் ஏறிவிட்டான். அத்தனை நாள் முக்காலியை விட்டு எழ முடியாதவன். விமானத்தின் பக்கவாட்டில் கால் வைக்கும் பள்ளம் எங்கே இருக்கிறதென்று பார்க்கவே இல்லை. கால் தானாகப் போய் அமர்ந்தது. ஒரு கை, ஒரு கால், உள்ளே.

சடையன் கண்ணாடியை மாட்டினார். முகமூடியை மாட்டினார். அதே வேஷம். வாரைப் போடக் குனிந்தவர் கையை இழுத்துக்கொண்டார். வாரை அவனே போட்டுக்கொண்டான்.

கஸ்பார் ஒரு விளக்கைப் போட்டான். கேமரா முனக ஆரம்பித்தது.

“சிரிங்க,” என்றாள் இன்பமேரி.

ஒன்றுமில்லை.

“ஏனுங்க. என்னைப் பாத்துச் சிரிங்க.”

கூரை தெறிப்பது நின்றது.

“நேரமாவுது தங்கச்சி,” என்றான் கஸ்பார். “பாதி போச்சு.”

“சிரிங்க சாமி. உங்க காலப் புடிக்கறேன். ஒருக்கா. ஒரே ஒருக்கா.”

முகமூடி அசைந்தது. உள்ளேயிருந்து ஒரு மூச்சு. இன்னொரு மூச்சு.

சிரிப்பு.

பெரிய சிரிப்பு. கொட்டகை நிறைந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, தோளைக் குலுக்கி, வெகுகாலம் அடைத்து வைத்திருந்த மடையைத் திறந்துவிட்ட மாதிரி அவன் சிரித்தான். பிலிம் தீர்ந்து கேமரா நின்றது. அவன் நிற்கவில்லை. இன்பமேரி தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். மாதாவே, மாதாவே என்று அழுதாள். அவ்வளவு சந்தோஷத்தை அவள் கல்யாணத்தன்றும் அனுபவித்ததில்லை.

அவன் ஒரே கையால் கொக்கியைத் திருகினான். அது திறந்தது. எம்பிக் கீழே குதித்தான். கண்ணாடியையும் முகமூடியையும் கழற்றினான், லாசரின் முகம்தான். கொப்புளமில்லை. கறுப்பில்லை. இடது கை பச்சைப் பிள்ளையின் கை போல இருந்தது.

“மேரி,” என்றான், பேரைக் கொஞ்சம் நீட்டி. மறுபடியும் சிரித்தான்.

“சாப்புடுறீங்களா? பசிக்குதுங்களா?”

“மேரி,” என்றான்.

சடையன் பக்கத்தில் வந்து அவள் தோளைத் தொட்டார்.

“அம்மிணி. அந்தக் குழிக்குள்ள சாவு ரெண்டு நடந்திருக்குது. நாம சிரிப்பு ஒண்ணுதான் எடுத்திருக்கோம். சிரிச்சது மொதல்ல செத்தவனா இருந்தா?”

“என்ற ஊட்டுக்காரருதான் மாமா. பாருங்க. நல்லாச் சிரிக்கறாரு.”

“இருமலைக் காணமே சாமி.”

அவளுக்கும் தெரிந்திருந்தது. முதல் மூச்சிலேயே தெரிந்தது. வயிற்றிலிருந்து வரவில்லை, நடுவில் முட்டவில்லை, எங்கும் போய் முடியவில்லை. தெரிந்தும் அழுதாள், தெரிந்தும் சந்தோஷப்பட்டாள், ஏனென்றால் அந்த நிமிஷத்தை விட்டால் அவளுக்கு வேறொன்றும் கிடைக்கப்போவதில்லை.

அவள் ஓடினாள். வெயிலில், வெறுங்காலில், முற்றத்தைத் தாண்டி.

அறைக்குள் டப்பாவின் மூடி தெறித்துக் கிடந்தது. பிலிம் மேசையிலிருந்து வழிந்து, நாற்காலியைச் சுற்றி, தரையெல்லாம் சரிந்து கிடந்தது. குறையவில்லை. அறுபத்திரண்டுக்குப் போகவில்லை. முனையைத் தேடி எடுத்து ஜன்னலில் பிடித்தாள்.

லாசர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தான். முகமூடி கன்னத்தோடு உருகி ஒட்டியிருந்தது. இடுப்பு வரைக்கும் தீ. வார் எரியவில்லை. மெழுகு நூலில் இரட்டைத் தையல். கறுத்த கையால் கண்ணாடி மூடியை அறைந்துகொண்டிருந்தான். கட்டத்துக்குக் கட்டம். தலை தொங்கவில்லை. தொங்கினால் முடிந்துவிடும். அவனுக்கு அது முடியப்போவதில்லை.

கத்தரிக்கோலை எடுத்தாள். கண்ணை மூடிக்கொண்டு வெட்டினாள். திறந்து பார்த்தாள்.

இரண்டு துண்டு. இரண்டிலும் அவன் எரிந்துகொண்டிருந்தான்.

“வெட்டாதே!” வாசலில், சேலத்திலிருந்து திரும்பியிருந்த டைரக்டர். அவருக்குப் பின்னால் லாசரின் முகம். டைரக்டர் அவன் தோளில் கை போட்டிருந்தார். “உன் புருஷன் ஒருத்தன் போதும் எனக்கு. இப்ப ஏறி உட்கார்ந்து காட்டினான், என்னமா உட்கார்றான் விமானத்துல! பொறந்ததே அதுக்குள்ளதான்னு சொல்லணும். இவன்தான் இனி கதாநாயகன்.” தரையில் கிடந்ததைப் பார்த்தார். கண் விரிந்தது. “அடேயப்பா. இவ்வளவா?”

“இவரு இல்லீங்க,” என்றாள். “என்ற ஊட்டுக்காரரு அதுல இருக்கறாருங்க. அதுலதான் இருக்கறாருங்க.”

“மேரி,” என்றான் வாசலில் நின்றவன். அவனும் டைரக்டரும் சிரித்தார்கள்.

டைரக்டர் அவள் கையிலிருந்து இரண்டு துண்டையும் மெதுவாக வாங்கினார். கவலைப்படாதே, இந்த ஒட்டை நானே போட்டுக்கொள்கிறேன் என்றார். அப்புறம் லாபரேட்டரிப் பக்கம் திரும்பி, அங்கே பிலிம் கழுவுகிறவனுக்குக் குரல் கொடுத்தார். “பெரியசாமி! நெகட்டிவைப் பார்த்தியா?”

“பாத்தனுங்க! அதுவும் இதே அளவுக்கு நீண்டு கெடக்குதுங்க!”

“பன்னண்டு பிரதி போடு. ஆத்தூருக்கு ஒண்ணு, நாமக்கல்லுக்கு ஒண்ணு. கெங்கவல்லி டென்ட் கொட்டாய் வரைக்கும் போகணும்.”

அறைக்கும் லாபரேட்டரிக்கும் நடுச்சுவரில் இருந்த கண்ணாடி ஜன்னல் வழியாக இன்பமேரி பார்த்துக்கொண்டு நின்றாள். சிவப்பு விளக்கு. மருந்துத் தொட்டிகள். ஆள் உயரத்துக்கு மரச் சட்டங்களால் செய்த டிரம்மில் பெரியசாமி ஈரப் பிலிமை வரி வரியாகச் சுற்றினான், உலர வைக்கச் சுழற்றிவிட்டான். முதல் பிரதி. டிரம் வேகமாகச் சுழன்றது. வெறும் பளபளப்பு. வேகம் குறைந்தது. வரிகள் தெரிந்தன. வரிக்குள் கட்டங்கள். கட்டத்துக்குள் ஆள்.

டிரம் நின்றது.

ஆயிரம் சின்னக் கண்ணாடி மூடிகள். ஒவ்வொன்றுக்குள்ளும் லாசர், உள்ளேயிருந்து கறுத்த கையை விரித்து ஒட்டி வைத்து, அவள் நின்ற ஜன்னலைப் பார்த்து வாயைத் திறந்திருந்தான்.